டவர் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கூட லீவு நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் ஜாதி மாறிவிடும். "போன் சூடாகிறது", "சார்ஜ் நிற்கவில்லை" என்பதெல்லாம் குறைந்து, "மகளைப் பார்க்கப் போகிறேன், என்ன போன் வாங்கட்டும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். திருச்சி ஜங்ஷன் பக்கம் 22 வருஷம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவன் என்ற முறையில், வந்தவற்றில் சிலதுக்குப் பதில் சொல்கிறேன்.

ஆறு மாதம் டல்லாஸில் மகள் வீட்டில் இருக்கப் போகிறேன். என் போன் பழசாகிவிட்டது. "இங்கே வந்து வாங்கிக்கலாம்மா" என்கிறாள் மகள். "அங்கே விலை ஜாஸ்தி, இங்கேயே வாங்கிட்டுப் போ" என்கிறான் மகன். திரும்பி வந்ததும் அதே போனை எங்கள் ஊரிலும் பயன்படுத்த வேண்டும். 20,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல மாடல் சொல்லுங்கள் சார்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

டீச்சர், உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான் பாஸ் மார்க் போட மாட்டேன். விலையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

வீட்டில் பழைய ரேடியோ இருந்திருக்கும். திருச்சி நிலையம் கேட்க முள்ளை 936-க்குத் திருப்ப வேண்டும். ஷார்ட்வேவ் இல்லாத ரேடியோவாக இருந்தால் தலைகீழாக நின்றாலும் பிபிசி தமிழோசை கேட்காது. செல்போனும் ரேடியோதான். ஒவ்வொரு கம்பெனியும் சில குறிப்பிட்ட அலைவரிசைகளில் பேசும். அதற்குப் பெயர் பேண்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர் உங்கள் போனுக்குள் இல்லை என்றால், தலைக்கு மேலேயே டவர் நின்றாலும் பிரயோஜனம் இல்லை.

நம் ஊரில் 4ஜிக்கு ஜியோ 3, 5, 40 ஆகிய பேண்ட்களில் ஓடுகிறது. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. வோடபோன் ஐடியாவுக்கு 1, 3, 8, 41. அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே மூன்று பெரிய கம்பெனிகளுக்கும் பொதுவாக 2, 4, 66. அதற்கு மேல், ஊருக்கு வெளியேயும் வீட்டுக்கு உள்ளேயும் எட்டுவதற்கு வெரைசனுக்கு 13, ஏடி அண்ட் டிக்கு 12, டி-மொபைலுக்கு 12, 71. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏடி அண்ட் டியும் வெரைசனும் சில இடங்களில் ஓட்டும் 5-ஐ விட்டால், பொதுவாக ஒன்றுமே தேறாது. நம் ஊரில் 15,000 ரூபாய்க்கு விற்கும் போன்கள் பலவற்றில் 4ஜிக்கு 1, 3, 5, 8, 40, 41 இருக்கும், அவ்வளவுதான். நமக்கு அதுவே தாராளம். அமெரிக்காவில் அந்த போன் நொண்டும்.

நான் சொல்வது புத்தகத்தில் படித்தது இல்லை. 2023-ல் நியூஜெர்சி எடிசனில் அக்கா பெண் வீட்டுக்குப் போனேன். கையில் 14,000 ரூபாய் போன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன், என் போனில் என்ன பேண்ட் இருக்கிறது என்று பார்க்காமலே விமானம் ஏறினேன். அங்கே சிம் போட்டதும் கடைத்தெருவில் மூன்று கோடு காட்டியது. எனக்குப் பெருமை வேறு. வீட்டுக்கு வந்து கீழ்த்தளத்தில் எனக்குக் கொடுத்த அறைக்குள் நுழைந்தேன், கோடு எல்லாம் படுத்துவிட்டது. வெளியே கோடு இருந்த இடத்திலும் இன்டர்நெட் வருகிறது, கால் மட்டும் போகவில்லை! சிம் வாங்கிய கடைக்குப் போனால், அந்தப் பையன் என் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பட்டியலில் இல்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டான். 22 வருஷத்தில் நான் எத்தனை பேருக்கு அப்படிக் கையை விரித்திருப்பேன்! அன்றைக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

கால் ஏன் போகவில்லை என்பதுதான் முக்கியம். 2022-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் 3ஜியை மூடிவிட்டன. முன்பெல்லாம் 4ஜி போனாக இருந்தாலும், பேசும்போது மட்டும் சத்தமில்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிக்கொள்ளும். 2ஜியும் அநேகமாகப் போய்விட்டது, இப்போது இறங்குவதற்குப் படியே இல்லை. பேச்சும் 4ஜியிலேயே போக வேண்டும், அதுதான் வோல்ட்டி. உங்கள் போனில் வோல்ட்டி இருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டுக் கம்பெனியின் வோல்ட்டியோடு அது ஒத்துப்போக வேண்டும். ஜியோவில் அருமையாகப் பேசும் போன் டல்லாஸில் ஊமையாவது இதனால்தான். ஏடி அண்ட் டி, வெரைசன் இரண்டும் தாங்கள் ஒத்துக்கொண்ட மாடல்களைத்தான் சேர்க்கும். டி-மொபைல் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனசு.

சரி, மாடலுக்கு வருகிறேன். இரண்டு நாட்டிலும் ஒழுங்காக ஓட வேண்டும் என்றால் ஐபோன், கூகுள் பிக்சல், சாம்சங்கின் எஸ் வரிசை என்று மேல்தட்டுப் பக்கம் போக வேண்டும். அவற்றில் பேண்ட்களை வாரி இறைத்திருப்பார்கள். புதிதாக வாங்க 20,000 பத்தாது. நல்ல கடையில் பில்லோடு ஒரு பழைய ஐபோன் கிடைக்கலாம். ஆனால் என் சொந்த அக்கா கேட்டிருந்தால் அதையும் சொல்ல மாட்டேன். மகள் வீட்டு மேஜை டிராயரில் அவரோ மாப்பிள்ளையோ பயன்படுத்திவிட்டுப் போட்ட பழைய போன் ஒன்று நிச்சயம் தூங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அது உண்டு. லாக் எடுத்த போன்தானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தவணையில் வாங்கிய போன் என்றால் அதை விற்ற கம்பெனியின் சிம்மை மட்டுமே ஏற்றுக்கொள்ளும்படி பூட்டி வைத்திருப்பார்கள். அந்த போனில் அமெரிக்க சிம். இங்கே 12,000 ரூபாய்க்கு உங்களுக்குப் பிடித்த ஒரு போன் வாங்கி, அதில் உங்கள் இந்திய சிம். பென்ஷன் பேங்க் ஓடிபி அதில் வரட்டும், ஐயாவோடு வாட்ஸ்அப்பில் பேச அதை வீட்டு வைஃபையில் போட்டு வையுங்கள். கைப்பையில் இரண்டு போன் கொஞ்சம் கனம்தான், ஆனால் ஆறு மாதம் நிம்மதி.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் ஓடும், எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு அது போதாது. கிளம்புவதற்கு முன்பே உங்கள் இந்திய நம்பரில் சர்வதேச ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடி வையுங்கள். அந்த போனுக்கு வீட்டுக்குள் சிக்னல் எட்டாவிட்டால், ஓடிபி கேட்கும் நேரத்தில் வெளியே போய்ப் பாருங்கள். அங்கே போய் இறங்கிய பிறகு திறக்கலாம் என்றால், அதற்கே ஒரு ஓடிபி கேட்பான்.

வால்பாறை பக்கம் எஸ்டேட்டில் வேலை. இங்கே பிஎஸ்என்எல் மட்டும்தான். 4ஜி வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பக்கத்து லைன் வீட்டு அண்ணன் வீடியோ கால் பேசுகிறார். என் போனும் 4ஜிதான், 2018-ல் வாங்கியது. எனக்கு ஒன்றுமே வரவில்லை. புது 5ஜி போன் வாங்கினால் சரியாகுமா அண்ணே?
– தோட்டத் தொழிலாளி, வால்பாறை

தம்பி, காசை எடுக்காதீர்கள். முதலில் சிம்மைப் பாருங்கள். பழைய பிஎஸ்என்எல் சிம் என்றால் 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் போனில் 28-ம் நம்பர் பேண்ட் இல்லை என்று அர்த்தம். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகிறது. அதுதான் 28. மலைக்கு அதைப் போல நல்ல அலை கிடையாது. ஏன் என்று கேட்டால், 700-ல் ஓடும் அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு முழம். நகரத்தில் பெரிதாகப் பேசப்படும் 5ஜியின் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை நாலு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். முழ நீள அலை மேட்டைச் சுற்றி வளைந்தும், மரத்தையும் சுவரையும் ஊடுருவியும் வந்து சேரும். விரற்கடை அலை வேகமாகக் கொண்டுவரும், ஆனால் ஒரு சில்வர் ஓக் வரிசையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பழைய மலிவு 4ஜி போன்கள் பலவற்றில் இந்த 28 கிடையாது. வாங்கிய காலத்தில் இங்கே யாரும் அதில் 4ஜி ஓட்டவில்லை, அதனால் கம்பெனிக்காரன் மிச்சம் பிடித்துவிட்டான்.

இப்போது, புது 5ஜி போன் பற்றி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜியோ தன் 5ஜிக்கும் 700-ஐத்தான் பயன்படுத்துகிறது. அதனால் இங்கே விற்கும் 5ஜி போன்களில் 5ஜி வரிசையில் என்28 என்று போட்டிருப்பான். கடைக்காரரும் "28 இருக்குங்க" என்பார். உங்களுக்கு வேண்டியது 4ஜி வரிசையில் உள்ள 28. இரண்டும் ஒரே அலைதான், ஆனால் 5ஜியில் அதைக் கேட்கத் தெரிந்த போனுக்கு 4ஜியில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்டிஇ (4ஜிக்கு இன்னொரு பெயர்) என்ற தலைப்புக்குக் கீழே பி28 இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே பார்ப்பது? போனில் செட்டிங்ஸ் போய், கடைசியில் அபவுட் போன் என்ற இடத்தில் மாடல் நம்பர் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் இணையதளத்தில் தேடுங்கள். விளம்பரப் பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று என்று விற்பான். பெயர் ஒன்றுதான், வயிறு வேறு வேறு.

இதைவிடச் சுலபமான வழி, அந்த அண்ணனிடம் என்ன மாடல் என்று கேட்டு அதையே வாங்குவது.

மச்சான் துபாயிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். எனக்கு ஐபோன் 17 வாங்கி வருவதாகச் சொல்கிறார். இங்கே டவர் எடுக்குமா?
– ஜவுளிக்கடைக்காரர், கீழக்கரை

டவர் நன்றாகவே எடுக்கும். உங்கள் சிம்மை எங்கே போடுவீர்கள் என்பதுதான் கேள்வி. அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17-ல் சிம் தட்டே கிடையாது. எல்லாம் இ-சிம், அதாவது கழற்ற முடியாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். அமெரிக்காவில் ஐபோன் 14 வந்த 2022-லிருந்தே அப்படித்தான். இந்தியாவில் விற்கும் 17-ல் தட்டு உண்டு. (ஐபோன் ஏர் என்று மெலிதாக ஒன்று வந்திருக்கிறதே, அதற்கு உலகத்தில் எங்கேயும் தட்டு இல்லை.)

இ-சிம் ஒன்றும் பேய் பிசாசு அல்ல. ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கொடுக்கின்றன, பிஎஸ்என்எல்லும் 2025-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்துவிட்டது. ஊர் ஊராகப் போகிறவருக்கு அது வசதிதான். விமானத்தை விட்டு இறங்குவதற்குள் அந்த ஊர் நம்பர் உள்ளே வந்துவிடும். ஆனால் நீங்கள் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் கீழே விழுந்து உடைகிறது என்று வையுங்கள். சாதா சிம் என்றால் பிடுங்கி, கடைப்பையன் போனில் போட்டு ஐந்து நிமிஷத்தில் ஜிபே திறந்துவிடலாம். இ-சிம் உடைந்த போனுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை வேறு போனுக்கு மாற்ற ஓடிபி வேண்டும், ஓடிபி வருவதோ அந்த நம்பருக்கு. கம்பெனி கடையைத் தேடி அலைய வேண்டியதுதான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மச்சானிடம் பேரீச்சம்பழம் கேட்டுவிட்டு, போனை இங்கே வாங்குவேன்.

வெளிநாட்டு சாம்சங் கொண்டுவந்தாலும் ஒரு பேச்சு. சில மாடல்களில், வாங்கிய நாட்டு சிம்மைப் போட்டு முதலில் ஐந்து நிமிஷமாவது பேசினால்தான் வேறு நாட்டு சிம்மை ஏற்றுக்கொள்ளும். பெட்டியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். பெட்டியைப் பிரிக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்: டவர் நன்றாக எடுக்கும் பிராண்டு எது?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

பக்கத்துவீட்டுக்காரருடையது.

சிங்கப்பூருக்கு ஷிப்யார்டு வேலைக்குப் போகிறேன். அப்பா தன் பட்டன் போனைக் கொடுத்து, "உறுதியான போன், இதை எடுத்துட்டுப் போ" என்கிறார். எடுத்துப் போகலாமா?
– வெல்டர், அறந்தாங்கி

அப்பாவின் மனசு புரிகிறது, ஆனால் அந்த போன் அங்கே டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள். 2024 ஜூலை கடைசியில் 3ஜியையும் மூட ஆரம்பித்தார்கள். 4ஜி வோல்ட்டி உள்ள போன்தான் வேண்டும். நல்ல செய்தி, இங்கே விற்கும் சாதாரண ஸ்மார்ட்போனே அங்கே போதும். 3, 8 ஆகியவை அங்கேயும் ஓடுகின்றன. அமெரிக்கா மாதிரி வம்பு இல்லை.

இரண்டு சிம் போடும் போனாகப் பாருங்கள். ஒன்றில் அங்கே வாங்கும் சிம், இன்னொன்றில் நம் ஊர் நம்பர். நம் ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கொஞ்ச நாளில் அது வேறு யாருக்காவது போய்விடும். பேங்க் கணக்கு அந்த நம்பரில் இருந்தால் அப்புறம் லீவு போட்டு ஊருக்கு வந்துதான் சரி செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் யாரையாவது மாதா மாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

யார்டுக்குள் கேமரா வைத்த போனை விட மாட்டேன் என்று சில இடங்களில் சொல்வார்கள். அதனால் விலை உயர்ந்த போனை வாங்கும் முன் அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறான். இங்கேயே போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– குடும்பத் தலைவி, ஈரோடு

வேண்டாம் தாயி. மற்ற நாட்டில் போன் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் டவர் குறையும், கால் போகாது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் சிம்மையே நிறுத்திவிடுவார்கள். 2024 அக்டோபர் 28-ல் அங்கே கடைசி 3ஜியை மூட ஆரம்பித்தபோது ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்களின் அவசர நம்பரான 000-க்கு 4ஜி வழியாகக் கூப்பிட முடியாத போனுக்கு எந்தக் கம்பெனியும் சேவை கொடுக்கக் கூடாது. கூப்பிட முடியாமல் யாராவது செத்துவிடக் கூடாதே என்ற கவலை, அதில் தப்பில்லை. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய நல்ல போன்கள் சிலவும் இந்த வலையில் விழுந்தன. இப்போது வைத்திருக்கும் போனோடு போகட்டும், நாலு நாள் வைஃபையில் சமாளிக்கட்டும், அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். போகும் முன்பே வாங்கித் தந்தால்தான் திருப்தி என்றால் ஐபோன் வாங்குங்கள். மகனும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பான்.

ராமேஸ்வரத்தில் வேன் ஓட்டுகிறேன். தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போனால் சில பேர் போனில் "இலங்கைக்கு நல்வரவு" என்று மெசேஜ் வருகிறது. போன வாரம் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே போனது, ஊருக்குப் போய் பில் வந்ததும் எனக்கு போன் போட்டுச் சண்டை. என் மேல் என்ன சார் தப்பு?
– வேன் டிரைவர், ராமேஸ்வரம்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அண்ணாச்சி. அங்கிருந்து தலைமன்னார் கடல் வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் மலையா, மரமா, கட்டடமா? வெறும் தண்ணீர். அந்தக் கரை டவரின் அலை தங்குதடையில்லாமல் வந்துவிடும். நம் பக்கத்து டவர் மெலிந்து போகும் இடத்தில் போன் எது கனமாகக் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எல்லைக்கோடு தெரியாது.

எல்லோருக்கும் பில் வராது. சர்வதேச ரோமிங் மூடியிருக்கும் நம்பரை இலங்கை டவர் சேர்த்துக்கொள்ளாது, வெறுமனே சிக்னல் போய்விடும். எப்போதோ வெளிநாடு போனபோது திறந்துவிட்டு மூட மறந்தவர்களுக்குத்தான் வேட்டு. அவர்கள் போனில் வாட்ஸ்அப் போட்டோக்கள் பின்னால் தானாக ஏறிக்கொண்டே இருக்கும், மீட்டர் ஓடும். வேறு எல்லையாக இருந்தால் கடிகாரம் மாறியாவது காட்டிக்கொடுத்துவிடும். இலங்கை 2006-லிருந்து நம் நேரத்தையே வைத்திருக்கிறது, அதனால் அந்தத் துப்பும் கிடையாது.

வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் டேட்டா ரோமிங்கை அணைக்கவும், நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் இருந்து எடுத்துத் தங்கள் கம்பெனியை விரலால் தொட்டு வைக்கவும். திரும்பி வரும்போது மறுபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றச் சொல்ல மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த தடவை அவர்கள் நிஜமாகவே வெளிநாடு போகும்போது போன் எதையும் பிடிக்காது, அதற்கும் உங்களுக்குத்தான் போன் வரும்.